பத்து நாளும் கூட நின்றவர்களுக்கு

கோயம்புத்தூர் மாவட்டத்தில் கேரள எல்லையோரம் இருக்கிற ஆனைகட்டிப் பக்கத்துப் பதிகளில், அதாவது எங்கள் இருளர் பழங்குடிக் குடியிருப்புகளில், மாலை வகுப்பு நடத்துகிற நாங்கள் 14 பேர், எங்கள் இருள மொழியைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பத்து நாள் பயிற்சி எடுத்து முடித்துவிட்டோம். கிளம்புகிற அன்று எல்லோரிடமும் நன்றி சொன்னோம்தான், ஆனால் வண்டி ஏறுகிற அவசரத்தில் சொன்னது எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாட்டிமார் மூன்று பேருக்குத்தான் பெரிய நன்றி. முதல் நாள் நாங்கள் நோட்டும் பேனாவுமாக உங்கள் முன்னால் உட்கார்ந்து, "பாட்டி, இதுக்கு நம்ம பேச்சில என்ன?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். நீங்களும் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள், பாதிக்கு மேல் தமிழிலேயே. எங்களுக்கு ஒரே வருத்தம், பாட்டிக்கே மறந்துபோச்சோ என்று. அப்புறம்தான் புரிந்தது, நாங்கள் தமிழில் கேட்டால் பதிலும் தமிழில்தானே வரும்! நான்காம் நாள் நோட்டை மூடி வைத்துவிட்டு உங்களோடு சாமை புடைக்க உட்கார்ந்தோம். முறம் கைக்கு வந்ததும் நீங்கள் வேறு ஆள் ஆகிவிட்டீர்கள். நான் பிடித்த பிடி தப்பு என்று திட்டியதிலிருந்து, உமிக்கு, நொய்க்கு, அரைகுறையாக உடைந்த மணிக்கு என்று தனித்தனிப் பெயர் சொன்னதுவரை எல்லாம் நம் பேச்சிலேயே வந்தது. அதில் பல சொற்களை நான் என் அம்மா வாயில்கூடக் கேட்டதில்லை.

இந்த வழியைக் காட்டிய பயிற்சியாளர் அக்காவுக்கு நன்றி. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பழங்குடி மக்கள், மொழி தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோன நிலையில், 1992இல் ஒரு பெரியவரையும் ஒரு இளையவரையும் ஜோடி சேர்த்து, அன்றாட வேலையைச் செய்துகொண்டே அந்த மொழியில் மட்டும் பேச வைக்க ஆரம்பித்தார்களாம். நியூசிலாந்தில் மாவோரி மக்கள் அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே, 1982இல், பாட்டிமார் கையில் சின்னக் குழந்தைகளைக் கொடுத்து மொழிக்கூடு தொடங்கியிருக்கிறார்கள். எங்களை மாதிரி ஆட்கள் உலகத்தில் எங்கெங்கோ இதே பாடு பட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய தெம்பு.

மொழியியல் படிக்கிற தங்கச்சி, உனக்கு எப்படி நன்றி சொல்வது? நான் பள்ளியில் படித்த காலத்தில் வாயைத் திறந்தால் "தமிழை ஒழுங்காப் பேசு" என்று அடி விழும். கொச்சைத் தமிழ் பேசுகிறோம் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1970களிலேயே எங்கள் மொழிக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார், தமிழுக்கு நெருங்கிய சொந்தம் என்றாலும் இது தனி மொழிதான் என்று நீ எடுத்துச் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் இருள மொழியைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 12,000 பேர்கூட இல்லை, அவர்களையும் தமிழ் என்ற தலைப்புக்குக் கீழேதான் சேர்த்திருக்கிறார்கள். நம்மைப் பற்றி நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

எழுத்துச் சண்டை வேறு அரை நாள் நடந்தது. "அது" என்று பேச்சில் சொல்லும்போது கடைசி உகரம் உதடு குவியாமல் வருகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி, நாக்கு வாயின் நடுவில் நிற்கிற உயிரொலிகள் எங்கள் சொற்களில் உண்டு. தமிழ் எழுத்தில் அதற்கு இடம் இல்லை. மேலே இரண்டு புள்ளி வைக்கலாம் என்று தங்கச்சி சொல்ல, போனில் அதை எப்படி அடிப்பது என்று பையன்கள் கேட்க, இத்தனை காலம் எழுதாமலேதானே இருந்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர் மூப்பன் ஐயா சொல்ல... முடிவு இன்னும் ஆகவில்லை. இப்போதைக்கு நோட்டில் புள்ளி, போனில் குரல் பதிவு. ஐயா, நீங்கள் கோபித்துக்கொண்டு போகாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கும் நன்றி.

விடுமுறையில் வகுப்பறையைத் திறந்துகொடுத்த தலைமையாசிரியர் ஐயாவுக்கும், பத்து நாளும் ராகிக் களியும் கீரையும் ஆக்கிப் போட்ட அக்காமாருக்கும், மழையில் பாதை போன அன்றுகூடக் கேரளப் பக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ஜீப் அண்ணனுக்கும் நன்றி. அட்டப்பாடியிலிருந்து நீங்கள் வந்தது ரொம்ப முக்கியம், எல்லைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மொழிதானே. உங்கள் ஊர் நஞ்சியம்மா நம் மொழியில் சினிமாவுக்குப் பாடியதற்கு 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது என் வகுப்புப் பிள்ளைகள் குதித்த குதி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பதிவுகளையெல்லாம் மெமரி கார்டில் போட்டு வைத்திருக்கிறோம். எந்தப் பதிக்கு வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். விதைக்கிற பாட்டு இன்னும் பாக்கி இருக்கிறது, விதைக்கும்போதுதான் பாடுவேன் என்று பாட்டி சொல்லிவிட்டார். மழை விழுந்ததும் காட்டுக்கே வருகிறோம் பாட்டி, இந்தத் தடவை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.