கோட்டைவாசல் பழைய எல்லை அல்ல

ஆசிரியருக்கு,

செங்கோட்டையிலிருந்து மலை தாண்டிக் கேரளத்துக்குப் போகும் ஆரியங்காவுக் கணவாய் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1904இல் வந்த மீட்டர்கேஜ் ரயில், கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம், 2018இல் முடிந்த அகலப்பாதை என்று ரயில் கதையை நிறைவாகவே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாலத்தை ஒட்டியே போகும் சாலைக்கு மட்டும் இரண்டு வரி. அதிலும் ஒரு பிழை.

புளியரைக்கு மேலே, இன்று தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் கோட்டைவாசல், நீங்கள் எழுதியதுபோல் ‘திருவிதாங்கூரின் பழைய எல்லை’ அல்ல. மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது, 1956 நவம்பர் 1ஆம் தேதி பிறந்த எல்லை அது. அதுவரை செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. தென்காசியிலிருந்து எட்டு கிலோமீட்டர் மேற்கே வந்தால் மகாராஜாவின் நாடு. எங்கள் ஊர்த் தோரணவாயிலில் திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை வந்தது அதனால்தான். கணவாய் அன்று நாட்டுக்கு நடுவே கிடந்த வழி. மலையைக் கண்டாலே எல்லைக்கோடு போடக் கை துறுதுறுக்கிறது போலும்!

அந்தத் தடத்தில் பல வருடம் பஸ் நடத்துனராக இருந்தவன் நான். ஆனி, ஆடியில் புளியரையில் வெயிலோடு ஏறியவர்கள், எஸ் வளைவு தாண்டுவதற்குள் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். மலைத்தொடர் அங்கே தாழ்ந்து வழிவிடுவதால் தென்மேற்குக் காற்று அதில் புகுந்து வருகிறது. குற்றாலத்துச் சாரலும் அதன் புண்ணியம்தான். ஆரியங்காவு வருவதற்குள் டிக்கெட் கட்டில் ஈரம் ஏறி, தாள் விரலோடு ஒட்டிக்கொள்ளும்.

மார்கழியில், மண்டல பூஜையை ஒட்டி, மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் வருவார்கள். ஆரியங்காவு ஐயப்பனை மணந்த புஷ்கலாதேவி அவர்கள் வீட்டுப் பெண், திருவிதாங்கூர் அரண்மனைக்குத் துணி கொண்டுபோன வியாபாரியின் மகள் என்பது ஐதிகம். இன்றும் பெண் வீட்டாராகச் சீர்வரிசையோடு வருகிறார்கள்; கோயிலில் அவர்களுக்குச் சம்பந்தி மரியாதை. ஒருமுறை ஒரு பாட்டி, சீர்த் தாம்பாளத்தை மடியைவிட்டு இறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். வளைவில் பழச்சீப்பு சரிந்தது, எட்டிப் பிடித்தேன். “இதுக்கும் லக்கேஜ் டிக்கெட் போடுவீங்களா தம்பி?” என்றார். சம்பந்தி வீட்டாரிடம் எப்படிக் கேட்பது? அந்தத் துணி வியாபாரி நடந்த வழி, ரயிலுக்கு எத்தனை தலைமுறை முந்தியதோ!

சாலைக்குத் தனிக் கட்டுரை போடாவிட்டாலும் பரவாயில்லை. எல்லையைப் பற்றிய அந்த வரியையாவது அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

ஓய்வுபெற்ற பஸ் நடத்துனர்,
செங்கோட்டை