பூட்டுத்திரைப் படத்தைத் தேர்வது கைப்பேசியை வாங்கியவரின் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

82 வயதான என் தாயாருக்குச் சென்ற ஆவணி மாதம் ஸ்மார்ட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அவர், எங்கள் வீட்டில் ஒரே மாதிரிக் கறுப்பு உறை போட்டுக் கிடக்கும் மூன்று கைப்பேசிகளில் தன்னுடையது எது என்பதைத் திரையில் தெரியும் படத்தைக் கொண்டே அடையாளம் காண்பார். ஆகவே, மறைந்த என் தந்தையார் இளவயதில் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தைப் பூட்டுத்திரையில், அதாவது எல்லோரும் லாக் ஸ்கிரீன் என்று சொல்கிற அந்த முதல் திரையில், வைத்துக் கொடுத்திருந்தேன். சில வாரங்கள் எந்தக் குறையும் இல்லை. ஒரு நாள் இரவில் மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று தானாக இறங்கியது. மறுநாள் காலையில் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினால், தந்தையார் இருந்த இடத்தில் கடற்கரை விடுதி ஒன்றின் நீச்சல்குளம். மறுமுறை அமுக்கினால் நடிகை ஒருவர். அடுத்த முறை பிரஷர் குக்கர். ஒவ்வொன்றின் அடியிலும் தொட்டால் எங்கோ கூட்டிச் செல்லும் ஒரு வரி.

"நான் என்னத்தையோ தப்பா அமுக்கிட்டேன் போலய்யா, அப்பாவைக் காணோம்" என்று என் தாயார் சொன்னது அதற்கு நான்கு நாள்கள் கழித்துத்தான். அதுவரை யாரிடமும் சொல்லாமல், விலை கொடுத்து வாங்கிய பொருளைக் கெடுத்துவிட்டோமே என்ற பயத்தில், கைப்பேசியைத் தொடாமலே சாமி அலமாரியில் வைத்திருந்திருக்கிறார். அந்த நான்கு நாள்களும் வெளியூரிலிருந்து பேத்தி கூப்பிட்ட அழைப்புகளைக்கூட அவர் எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை நான் எழுதக் காரணம் அந்த நான்கு நாள்கள்தான். அவர் எதையும் தவறாக அமுக்கவில்லை. குறைந்த விலைக் கைப்பேசிகள் பலவற்றில் விற்கும்போதே சேர்த்து அனுப்பப்படும் ஒரு செயலி, நாம் வைத்த படத்தை ஓரம் தள்ளிவிட்டுத் தன் படங்களையும் செய்தித் துணுக்குகளையும் விளம்பரங்களையும் வரிசையாகக் காட்டத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால், அந்தப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டவர் பொருளை வாங்கியவரே அன்றி விற்றவர் அல்ல.

அதை நிறுத்துவதற்கு, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றிய எனக்கே அரை மணி நேரம் ஆயிற்று. 'அமைப்புகள்' பகுதியில் வால்பேப்பர் என்ற தலைப்பின் கீழே தேடினேன், அங்கே இல்லை. லாக் ஸ்கிரீன் என்ற தலைப்பின் கீழே போனபோது, சுழலும் படங்கள் என்னும் பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. அதை அணைக்கப் போனால், அணைத்தால் எவற்றையெல்லாம் இழப்பீர்கள் என்று அடுக்கி, 'வைத்துக்கொள்' என்பதைப் பெரிய நீலப் பொத்தானாகவும் 'அணை' என்பதை மங்கிய சாம்பல் எழுத்தாகவும் காட்டியது. நிறங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த நிறம் கண்ணை இழுக்கும், எது கண்ணில் படாமல் போகும் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் அந்தத் திரையை வரைந்திருக்கிறார்.

கோவில்பட்டியில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதும்போது காலண்டர்ப் படங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஓவியர் கொண்டைய ராஜு எங்கள் ஊரில் தங்கி வரைந்த முருகனும் மீனாட்சியும் இலட்சுமியும் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டின் வீட்டுச் சுவர்களில் எல்லாம் தொங்கினார்கள். அந்தக் காலண்டர்களும் விளம்பரங்கள்தாம். ஜவுளிக் கடையோ நகைக் கடையோ மளிகைக் கடையோ தன் பெயரைப் போட்டு இலவசமாகக் கொடுத்தவை. ஆயினும், கடைக்காரர் தம் பெயரைப் படத்துக்குக் கீழே ஒரு பட்டையில் போட்டுக்கொண்டாரே ஒழிய, நள்ளிரவில் வீடு புகுந்து முருகனை எடுத்துவிட்டு வேறொருவர் படத்தை மாட்டிவிட்டுப் போகவில்லை. நான்கு கடைக் காலண்டர்கள் வந்தால் எந்தப் படம் கூடத்துக்கு, எது அடுப்படிக்கு, எது பரணுக்கு என்பதை வீட்டுப் பெண்கள் முடிவு செய்தார்கள். காசு கொடுக்காமல் வாங்கிய காலண்டருக்கு இருந்த அந்த மரியாதை, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கைப்பேசிக்கு இல்லாமல் போனது எப்படி என்பதே என் கேள்வி.

திரைப் பின்னணிப் படத்தை மாற்றுவது வெறும் பொழுதுபோக்கு என்று இளைஞர்கள் சிலர் நினைக்கக்கூடும். அது அப்படி அன்று; இந்த வசதி படிப்படியாக வளர்ந்த விதமே அதற்குச் சான்று. 2007-இல் வந்த முதல் ஐபோனில் பூட்டுத்திரைக்கு மட்டுமே நம் படத்தை வைக்க முடிந்தது. உள்ளே செயலிகள் இருக்கும் முகப்புத் திரை வெறுங்கறுப்பாகத்தான் இருந்தது. அங்கும் படம் வைக்கும் வசதி, ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 2010-இல் வந்த 4-ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. கடிகாரத்தின் எழுத்துருவையும் நிறத்தையும்கூட நம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிற நிறுவனக் கைப்பேசிகள் பலவற்றை இயக்கும் மென்பொருளான ஆண்ட்ராய்டிலோ 2021-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல், நாம் வைக்கும் படத்திலிருந்தே நிறங்களை எடுத்துப் பொத்தான்களுக்கும் பட்டியல்களுக்கும் பூசும் முறை வந்து, பல கைப்பேசிகளுக்கும் பரவியிருக்கிறது. மக்கள் இதை விரும்புகிறார்கள் என்பதால்தான் இத்தனை ஆண்டுகளாக இவ்வளவு உழைப்பு இதில் செலவாகியிருக்கிறது. அப்படி நுட்பத்தோடு திறந்து கொடுத்த வாசலில் விலை குறைந்த கைப்பேசியை வாங்குகிறவருக்கு மட்டும் விளம்பரத் தட்டியை நட்டு வைப்பது நியாயம் ஆகாது.

அந்தத் திரையில் படம் மட்டும் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் தாயாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வெளியில் எங்காவது மயங்கி விழுந்தால் பார்ப்பவர்கள் உடனே கூப்பிடட்டும் என்று, பூட்டுத்திரையில் ஒரு வரி எழுதி வைக்கும் வசதியைப் பயன்படுத்தி என் எண்ணைப் போட்டிருந்தேன். சுழலும் படங்களும் அவற்றின் தலைப்புகளும் வந்தபின் அந்த வரி இருக்கும் இடமே தெரியவில்லை. அவசரத் தகவல்களைப் பூட்டைத் திறக்காமலே பார்க்கும் வசதி இன்று ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் உண்டு. ஆனால், அதைத் தேடிப் பிடித்துத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் நம் தெருக்களில் எத்தனை பேர்? பளிச்சென்று கண்ணில் படும் ஒரு வரிக்கு அது ஈடாகாது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். நுகர்வோரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளைத் தடுப்பதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டுதல்களை அறிவித்திருக்கிறது. டார்க் பேட்டர்ன் என்று அழைக்கப்படும் இந்த உத்திகளில் 13 வகைகளை அது பெயர் சொல்லி விலக்குகிறது. விளம்பரத்தைச் செய்தி போல வேடமிட்டுக் காட்டுவதும், ஒரு தெரிவைப் பளிச்சென்று காட்டி மற்றதை மறைப்பதும் அவற்றுள் அடக்கம். நான் மேலே சொன்ன நீலப் பொத்தானையும் சாம்பல் எழுத்தையும் அந்தப் பட்டியலின் பக்கத்தில் வைத்துப் பார்க்குமாறு நுகர்வோர் நலத்துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன். அதே 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும், ஒப்புதலைத் திரும்பப் பெறுவது அதைக் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அது தனிநபர் தரவுக்கான சட்டம், திரையில் உள்ள படத்துக்கானது அன்று என்று எனக்குத் தெரியும். ஆனால், அதில் உள்ள நியாயம் இங்கும் பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். தமிழில் கேளுங்கள், 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற இரண்டையும் ஒரே அளவில் எழுதுங்கள், பதில் வரும்வரை அணைத்தே வையுங்கள். கைப்பேசி தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது இந்த மூன்று மட்டுமே.

எங்கள் தெருவில் இதைப் பற்றிப் பேசியபோது பெரியவர்கள் பலர் கேட்ட கேள்வி, "படத்தை மாத்தினா போன் கெட்டுப்போகாதா?" என்பது. கெட்டுப்போகாது. ஒரே ஒரு விந்தையான நிகழ்ச்சி உண்மையில் நடந்தது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள செயின்ட் மேரி ஏரியின் அழகான படம் ஒன்றைப் பின்னணியாக வைத்தபோது, ஆண்ட்ராய்டு 10 இயங்கிய சில கைப்பேசிகளின் திரை நிற்காமல் அணைந்து அணைந்து எரிந்தது. இது 2020-இல் நடந்தது. அந்தப் படத்தின் நிற வரையறை வேறு வகையானது. அதன் ஒரு புள்ளியின் ஒளி அளவைக் கணக்கிட்டபோது 255 என்னும் உச்ச வரம்பைத் தாண்டிவிட்டதே காரணம். படம் எடுத்தவரிடம் எந்தத் தீய எண்ணமும் இல்லை. ஆண்ட்ராய்டு 11-இல் அந்தக் குறை சரி செய்யப்பட்டுவிட்டது. ஆகவே, சொந்தப் படத்தை வைக்க யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது, படம் தருகிறோம் என்று சொல்லித் தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் மைக்கையும் பார்க்க அனுமதி கேட்கும் வால்பேப்பர்ச் செயலிகளைத்தான். ஒரு படத்தைத் திரையில் ஒட்டுவதற்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை. கேலரியில் இருக்கும் நம் படமே போதும்.

பழைய குடும்பப் படத்தை வைக்க விரும்புவோருக்காக, என் கை அனுபவத்தில் கண்டதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சட்டம் போட்ட படமாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டே படம் எடுக்க வேண்டும். கழற்ற முடியாவிட்டால், காலை வெளிச்சம் நேரடியாக விழாமல் பக்கவாட்டில் விழும் ஜன்னலோரத்தில் வைத்து, ஃபிளாஷ் போடாமல் எடுக்க வேண்டும். முதல் முறை என் தந்தையாரின் நெற்றியில் டியூப் லைட் ஒன்று வெள்ளைக் கோடாக விழுந்து, அவர் விபூதி பூசியிருப்பதுபோல் தெரிந்தது. தாயாருக்கு அது பிடித்திருந்தாலும் நான் மறுபடி எடுத்தேன். எடுத்த படத்தை வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கித் தெளிவு போய்விடும். ஆவணமாக அனுப்பினால் உள்ளபடியே போய்ச் சேரும். இன்றைய கைப்பேசித் திரைகள் பலவும் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் உயரமானவை. பழைய ஸ்டுடியோப் படங்களோ ஏறத்தாழ சதுரத்தை ஒட்டியவை. படத்தை இழுத்துத் திரை முழுவதும் நிரப்பினால் தோள்கள் வெட்டுப்பட்டு, முகம் நேராகக் கடிகாரத்துக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும்; 10:45 என்ற எண்கள் கண்களின் மேல் ஏறி நிற்கும். ஆகவே, எடுக்கும்போதே தலைக்கு மேல் நிறைய வெற்றிடம் விட்டு, முகம் திரையின் நடுவுக்குச் சற்றுக் கீழே அமையும்படி எடுக்க வேண்டும். முகப்புத் திரையில் அந்தப் படத்தையே வைக்கக் கூடாது. செயலிகளின் சின்னங்கள் முகத்தின் மேல் அம்மைத் தழும்புகளைப்போல் உட்கார்ந்துவிடும். அங்கே ஒரே நிறத்தில் வெறுமையான படம் இருந்தால்தான் முதியவர்களின் கண்ணுக்கு எழுத்துகள் துலங்கும். ஓஎல்இடி வகைத் திரையாக இருந்தால் முழுக் கறுப்பு வைப்பது மின்சாரத்தையும் சிறிது மிச்சப்படுத்தும், ஏனெனில் அவ்வகைத் திரையில் கறுப்புப் புள்ளிகள் எரிவதே இல்லை. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் அந்தப் பயன் கிடைக்காது.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். சுழலும் விளம்பரப் படங்களை நிறுத்துவது எப்படி, சொந்தப் படத்தை வைப்பது எப்படி என்பதை, வெவ்வேறு வகைக் கைப்பேசிகளின் திரைகளைக் காட்டும் படங்களோடு, பெரிய எழுத்தில், கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைக்கும்படியாக அரைப் பக்கம் வெளியிட வேண்டும். இதே தொல்லைக்கு ஆளானவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து முறையிடலாம் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். அந்தப் பக்கம் வரும்வரை, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தெருக்காரர்களுக்கு என் வீட்டுத் திண்ணையில் நானே இதைச் செய்து கொடுத்து வருகிறேன். இதுவரை பதினொரு கைப்பேசிகளில் நிறுத்தியாயிற்று. அவற்றில் ஏழு பேர், தாங்கள்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கோவில்பட்டி.