பினாங்கு கோயில் நிர்வாகங்களுக்கு: மெடிக்கல் கேம்ப்ல இன்னொரு மேசை போடுங்க

பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். நான் பட்டர்வொர்த்காரி. வருஷா வருஷம் திருவிழா சமயத்துல நம்ம கோயில் மண்டபங்கள்ல மெடிக்கல் கேம்ப் நடக்குது, சுகர் பாக்குறாங்க, பிரஷர் பாக்குறாங்க, நல்ல விஷயம், எங்க அப்பாவும் மூணு கேம்புக்கு போயிருக்காரு. ஆனா அந்த சமயத்துலயே அவருக்கு மலத்துல ரத்தம் போய்க்கிட்டிருந்துச்சு. மூலம்னு நெனச்சு கருணைக்கிழங்கு சாப்பிட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல, அங்க யாரும் கேக்கவும் இல்ல. கடைசியில பெருங்குடல் கேன்சர், மூணாவது ஸ்டேஜ்.

மலேசியாவுல ஆம்பளைங்களுக்கு அதிகமா வர்ற கேன்சரே இதுதான். அப்பாவுக்கு கீமோ நடக்குறப்ப வார்டுல உக்காந்து நெறைய படிச்சேன். நம்ம குடல்ல இருக்க கிருமிங்க சும்மா இல்லங்க, நாம சாப்பிடுறத வச்சு அதுங்க என்னென்னமோ தயாரிக்குது. கீரை, பயறு, பழைய சோறுன்னு போனா பியூட்ரேட்னு ஒன்னு செய்யும், பெருங்குடல் செல்லுக்கு முக்கியமான சாப்பாடே அதுதான், செல்ல ஒழுங்கா வச்சிருக்கறதும் அது. கொழுப்பா சாப்பிட்டுக்கிட்டே இருந்தா பித்தநீர் அதிகமா சுரக்கும், அதுல மிச்சமாகி பெருங்குடலுக்கு வர்றத கிருமிங்க டிஆக்ஸிகோலிக் ஆசிட்டா மாத்திடும், அது குடல் செல்லுக்கு கெடுதல்.

என்னைய தூங்க விடாதது கோலிபாக்டின்தான். ஈ.கோலை கிருமியில சில வகை மட்டும் விடுற விஷம் அது, டிஎன்ஏவோட ரெண்டு இழையையும் ஒன்னோட ஒன்னு ஒட்ட வச்சிடும், அது விட்டுட்டு போற தழும்பு தனியா தெரியும்னு 2020ல கண்டுபிடிச்சாங்க. 2025ல 11 நாட்டுல 981 பேரோட பெருங்குடல் கேன்சர் கட்டிய ஆராய்ஞ்சு பாத்தப்ப, 70 வயசுக்கு மேல கேன்சர் வந்தவங்களவிட 40க்குள்ள வந்தவங்ககிட்ட அந்த தழும்பு 3.3 மடங்கு அதிகமா இருந்துருக்கு. பத்து வயசுக்குள்ளயே அந்த அடி விழுந்திருக்கலாம்னு சொல்றாங்க. கேன்சருக்கு அதுதான் காரணம்னு இன்னும் முடிவா நிரூபிக்கல, ஆனா என் பையனுக்கு வயசு எட்டு, எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

நான் கேக்குறது ஒரே ஒரு மேசை. மலத்துல கண்ணுக்கு தெரியாத ரத்தத்த பாக்குற டெஸ்ட் அரசாங்க கிளினிக்லயே இருக்கு, 50 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பாட்டில், மூடியில ஒரு குச்சி, வீட்டுல அந்த குச்சியால மலத்துல நாலஞ்சு எடத்துல தொட்டு திரும்ப பாட்டில்ல சொருகி மூடிட்டு கொண்டு போய் குடுக்கணும், அவ்ளோதான். எங்க அம்மா அத வாங்கிட்டு வந்து ரெண்டு வாரம் அலமாரியில ஒளிச்சு வச்சிருந்தாங்க, வெக்கம். அந்த வெக்கத்த போக்க தமிழ்ல பேசுற ஒரு ஆள் வேணும். எந்த கிளினிக், எந்த நாள்னு எழுதி கையில குடுத்தா போவாங்க. ஏற்கனவே ரத்தம் போறவங்களுக்கு பாட்டில் வேணாம், எந்த வயசா இருந்தாலும் நேரா டாக்டர்கிட்ட அனுப்பணும்.

அன்னதானத்துல ஒரு கீரையும் பச்சப்பயறும் சேத்தா இன்னும் சந்தோஷம்.

வர்ற தைப்பூசத்துக்கு தண்ணிமலை பக்கம் கேம்ப் போடுற எந்த குழுவா இருந்தாலும் சரி, அந்த மேசையில உக்காந்து பேச எங்க அப்பா வர்றேன்னு சொல்லிட்டாரு. ட்ரீட்மெண்ட் முடிஞ்சு இப்ப நல்லா நடக்குறாரு. ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைங்க.