போடாத கடிதம்

பாப்பாவுக்கு,

அம்மாவின் முட்டி வலி இப்போது பரவாயில்லை. தேக்காவில் உனக்காக வாங்கிய வஞ்சிரம் மூன்று வாரமாக ஃப்ரீசரிலேயே கிடக்கிறது. உன் பழைய எண்ணுக்கு அடித்தால் போகவில்லை. தம்பிதான் புது எண் கொடுத்தான். ஏன் மாற்றினாய் என்று நான் கேட்கவில்லை.

வெயிலில் தனியாக நிற்காதே. ஒருத்தர் மட்டும் போராட்ட அட்டை பிடித்து நின்றாலும் போலீஸ் அனுமதி வேண்டும் என்று சிங்கப்பூரில் 2009லேயே சட்டம் வந்துவிட்டது, உனக்குத் தெரியாததா? அந்த அனுமதி இல்லாமல் நிற்க ஹோங் லிம் பார்க் இருக்கிறதே. 2019 செப்டம்பரில் அங்கே பருவநிலைப் பேரணியில் புல்லில் எல்லோரும் செத்தவர்கள் மாதிரி படுத்துக் கிடந்தீர்களே, அந்தப் படத்தை அம்மா இன்னும் கைப்பேசியில் வைத்திருக்கிறாள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவுக்குக்கூடக் காட்டினாள். எனக்கும் பெருமைதான். ஆனால் வீட்டுக்கடன் உன் பேரில் இருக்கிறது. பார்க்குக்கு வெளியே நிற்காதே. தனியாக மட்டும் நிற்காதே.

"பார்க்குக்குள்ளேயே நின்றால் காட்டை வெட்டுகிறவர்களுக்குக் கேட்குமா அப்பா?" என்பாய். தெங்கா காட்டை வெட்டியபோது எங்களோடுகூட நீ சரியாகப் பேசவில்லை. நாங்களா வெட்டினோம்?

சரி, ஒன்று சொல்லியாக வேண்டும். 2001இல் உபின் தீவின் செக் ஜாவா கடலோரத்தை மண் கொட்டித் தூர்க்கப்போகிறார்கள் என்றபோது உனக்குப் பத்து வயது. சாங்கியில் படகு ஏறி உபினுக்குப் போனோம். தண்ணீர் வற்றிய நேரம். நட்சத்திர மீனைக் குனிந்து குனிந்து பார்த்தாய். வீட்டுக்கு வந்து அமைச்சருக்குக் கடிதம் எழுதினாய். "மிதித்துவிடக் கூடாது என்று மெதுவாக நடந்தேன்" என்று அதில் ஒரு வரி. உறையின் பின்னால் நம் புளோக் எண், வீட்டு எண் எல்லாம் எழுதி என்னிடம் கொடுத்தாய்.

நான் தபாலில் போடவில்லை. அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. அந்த முகவரியைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அந்த டிசம்பரிலேயே திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். எத்தனையோ பேர் எழுதினார்கள், நேரில் போய்ப் பார்த்துப் பேசினார்கள். "என் கடிதமும் சேர்ந்துதான்" என்று இன்றுவரை சொல்கிறாய். ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டினேன்.

உறை அப்படியே இருக்கிறது, தபால்தலைதான் மஞ்சளாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வா, உன் கையில் கொடுக்கிறேன். கூட்டாளிகள் இருந்தால் அவர்களையும் கூட்டி வா. மீன் போதும். குடை எடுத்துக்கொள்.

அப்பா