அந்தக் கேள்வியைக் கேட்காத உனக்கு

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பின் சுகந்திக்கு,

கடிதம் கிடைத்தது. பனியில் வழுக்கி விழுந்த கை இப்போது எப்படி? இங்கே மாரி ஓய்ந்துவிட்டது, கிணற்றில் எட்டித் தொடும் உயரத்தில் தண்ணீர். அம்மாவுக்கு முழங்கால் நோ. இவருக்குக் கிளிநொச்சிக்கு மாற்றம், விடிய ஐந்தரை பஸ்ஸில் போய்வருகிறார்.

கலியாணம் முடித்து மூன்று வருஷமாகிறது. கோயிலடியில், செத்தவீட்டில், சந்தையில் கத்தரிக்காய் நிறுக்கும்போது கூட அதே கேள்விதான்: "விசேஷம் ஒண்டும் இல்லையோ பிள்ளை?" நீ மட்டும் ஒரு கடிதத்திலும் கேட்டதில்லை. அதனால் உனக்குத்தான் எழுத முடிகிறது. எங்கள் இருவருக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை. எனக்குப் பிள்ளை பெறப் பயம். கொஞ்சநஞ்சப் பயம் இல்லை, சுகந்தி. இரண்டு நாள் தள்ளிப்போனாலே கை காலெல்லாம் குளிர்ந்து நித்திரை போய்விடும். பிள்ளை பெற்றவளைப் பார்க்க வார்டுக்குப் போகச் சொன்னால் ஏதாவது சாட்டுச் சொல்லி நின்றுவிடுவேன்.

அம்மாவிடம் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். "உலகத்தில மற்றப் பொம்பிளையள் பெறேல்லையே?" என்றார். பெற்றார்கள்தான். அப்பாச்சியின் தாய் அப்பாச்சியைப் பெற்ற அன்றே போய்விட்டார். 1940களின் நடுவில் கூட இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு 1500-க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்றைக்கு அது 30 அளவில் நிற்கிறது. ஊர் ஊராக மிட்வைஃப் வந்ததும், ஆஸ்பத்திரியில் பெறுவது வழக்கமானதும் அதற்குப் பெரிய காரணங்கள். கணக்கு எனக்குத் தலைக்குள் போகிறது, வயிற்றுக்குள் இறங்கவில்லை.

முதலில் விளங்கிக்கொண்டவர் எங்கள் பகுதி மிட்வைஃப்தான். கலியாணம் முடித்த புதிதில் பெயர் பதிய வந்து, பிள்ளை தங்க முன்னமே போடச் சொல்கிற ஃபோலிக் அமிலக் குளிசை தந்தார். நான் அதை வாங்கி மேசையில் வைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, "பயமோ தங்கச்சி?" என்றார். அவ்வளவுதான். நான் ஒரு மணித்தியாலம் அழுதேன். சைக்கிளைத் திரும்ப எடுக்காமல் கூடவே இருந்தார்.

இதற்கு டோக்கோஃபோபியா என்று பெயர் இருப்பதாக அவர்தான் சொன்னார். அப்புறம் தேடி வாசித்தேன். 1858-இலேயே லூயி விக்டர் மார்சே என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் இந்தப் பயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 2000-இல் ஹோஃப்பெர்க், புரொக்கிங்டன் என்ற இருவர், ஒருநாளும் கருத்தரிக்காதவளுக்கு வருகிற பயத்தையும், ஒரு கொடிய பிரசவத்துக்குப் பிறகு வருகிற பயத்தையும் வேறுபடுத்திக் காட்டினார்கள். முதல்வகை பதின்வயதிலேயே தொடங்கிவிடலாமாம். பிள்ளை வேண்டும் என்ற ஆசையும் அதோடு சேர்ந்தே இருக்கலாமாம். அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டேன். எனக்கு ஆசை இல்லை என்றல்லவா இவர் உட்பட எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

சுகாதாரப் பாடம் நினைவிருக்கா? அந்த அலகு வந்ததும் ரீச்சர் "வீட்டில வாசியுங்கோ" என்று பக்கம் தட்டியது? மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 1857-இலேயே பிள்ளைப்பேற்று மருத்துவத்தைத் தமிழில் அச்சிட்ட ஊர் இது. எங்களுக்கு வாய்த்தது படத்தில் வியர்த்துக் கத்துகிற கதாநாயகியும், மாமிமார் கதவைச் சாத்திவிட்டுக் குசுகுசுத்ததும்தான்.

ஆனால் என் பயம் அங்கே தொடங்கவில்லை. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனமெல்லாம் வெளிக்கிட்ட 1995 ஐப்பசி இடப்பெயர்வில் எங்கள் குடும்பம் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. எனக்கு ஏழு வயது. சின்னம்மாவுக்கு அங்கேதான் நோ வந்தது. வாங்குகளை அடுக்கிச் சேலை கட்டி மறைத்தார்கள், ஒரு கிழவி மருத்துவம் பார்த்தார். அம்மா என் காதைப் பொத்தியும் அந்தக் கத்தல் கேட்டது. முப்பது வருஷமாகப் பிள்ளைப்பேறு என்றால் எனக்கு அந்தச் சத்தம்தான்.

போன மாதம் சின்னம்மா கனடாவிலிருந்து வந்திருந்தார். பின் விறாந்தையில் தனியே இருக்கும்போது துணிந்து கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் கத்தினது நோவுக்கில்லையடி" என்றார். சித்தப்பா அன்றைக்கு மாட்டை அவிழ்த்துவிட நாவற்குழிப் பாலம் தாண்டித் திரும்பிப் போயிருந்தாராம். தூரத்தில் ஷெல் விழுகிற ஒவ்வொரு தடவையும் சின்னம்மா அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாராம். நோ வந்தபோது அந்தக் கிழவி முதுகைத் தேய்த்தபடி, "இப்ப வரும், இப்ப போகும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். "நோ பொல்லாததுதான். ஆனா அதைத் தாங்கலாம் எண்டு அந்த மனிசி சொல்ல நான் நம்பினன்."

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. ஆனால் அந்தக் கத்தலின் பொருள் எனக்கு மாறிவிட்டது. பெறுகிறவளுக்குப் பக்கத்தில் முழுநேரமும் ஒருவர் இருந்தால் பிரசவநேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதை வாசிக்கும்போது அந்தக் கிழவியின் கைதான் எனக்கு ஞாபகம் வந்தது. இங்கே பிரசவ அறைக்குள் துணைக்கு ஆள் விடுவது இடத்துக்கு இடம் வேறுபடும். மிட்வைஃப் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இவரிடமும் போன கிழமை எல்லாம் சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக் கோப்பையோடு அப்படியே இருந்தார். பிறகு, "நீ சொல்லுமட்டும் ஒருத்தரும் கேக்காம நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

உன் சுவீடனில் இந்தப் பயத்தோடு வருகிறவர்களிடம் பேசவென்றே ஆஸ்பத்திரிகளில் 'அவுரோறா' என்ற குழுக்கள் இருக்காமே, உண்மையா? நீ போனாயா?

இரண்டு பெற்றவள் நீ. பெரியவனைப் பற்றி "சுகமாகப் பெற்றேன்" என்று ஒரு வரி, சின்னவளைப் பற்றி அதுவும் இல்லை. எனக்கு முழுவதும் எழுது. இரத்தத்தை, தையலை, நீ அழுததை, எனக்குப் பயம் கூடும் என்று ஒன்றையும் மறைக்காதே. ஒளித்ததைத்தான் நான் இத்தனை வருஷம் கற்பனை செய்து பயந்தேன்.

ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் தை பிறந்ததும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பக்கத்து வாங்குக்காரி