சிறுதொழில் ஆய்வுகள்: ஜாவாவில் நடந்ததும் நெல்லையில் நடக்க வேண்டியதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பகுதியில் எங்கே தொழில்முனைவோர் விழிப்புணர்வு முகாம் நடந்தாலும், மேடையில் பேசுகிறவர்கள் நம் சிறுதொழிலாளர்மீது ஏறத்தாழ ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். துணிந்து இறங்கும் மனம் இல்லை, பழைய முறையை விட மனம் வருவதில்லை, அன்றாடப் பாட்டுக்கு மேல் யோசிப்பதில்லை என்பதே அது. பத்தமடையில் பாய் நெய்கிறவர்களும், காருகுறிச்சியில் மண்பாண்டம் வனைகிறவர்களும், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிறவர்களும் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். இதே குறை இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு மக்கள்மீதும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சுமத்தப்பட்டது. அங்கே அறிஞர்கள் ஊர் ஊராகத் தங்கி அதை ஆராய்ந்து, மறுத்தும் திருத்தியும் எழுதினார்கள். வணிகவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் அந்த ஆய்வுகளைத் தேடிப் படித்துவருபவன் என்ற முறையில், அவற்றிலிருந்து நம் மாவட்டத்துக்கு வேண்டிய சிலவற்றைத் தங்கள் வாசகர்முன் வைக்க விரும்புகிறேன்.

டச்சுப் பொருளியலறிஞர் பூகே 1910இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் தொடங்கி, பிற்காலம் வரை வலியுறுத்திய கருத்து இரட்டைப் பொருளாதாரம் என்பதாகும். ஒரே நாட்டுக்குள் லாபம் நாடும் மேலைநாட்டுப் பொருளாதாரமும், தேவைகள் குறைந்த, லாபத்தில் நாட்டமில்லாத கிராமப் பொருளாதாரமும் ஒட்டாமல் நிற்கின்றன என்றும், முன்னதன் விதிகள் பின்னதற்குப் பொருந்தா என்றும் அவர் எழுதினார். ஜாவாவை அப்போது ஆண்ட டச்சுக் குடியேற்ற ஆட்சிக்கு இது மிகவும் வசதியான கொள்கையாக இருந்தது என்றே நான் கருதுகிறேன். வறுமை மக்களின் இயல்பிலிருந்து வருகிறது என்றால், ஆட்சியாளரை நோக்கிக் கேட்க ஒரு கேள்வியும் மிஞ்சுவதில்லை.

விடுதலைக்குப்பின், 1950களின் தொடக்கத்தில், அமெரிக்க மானிடவியலறிஞர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் கிழக்கு ஜாவாவின் பாரே என்னும் சிற்றூரில் தங்கி அதன் சந்தையை ஆராய்ந்தார். பின்னர் பாலித் தீவின் தபனான் ஊரையும் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டு 1963இல் நூலாக வெளியிட்டார். பாரே சந்தை வியாபாரி சிறு சிறு அளவில் சரக்கை வாங்கி, பலரோடு கூட்டுச் சேர்ந்து, பலரிடம் கடன்பட்டும் பலருக்குக் கடன் கொடுத்தும் நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார் என்பதை அவர் நுணுக்கமாகப் பதிவு செய்தார். அந்த வியாபாரியிடம் உழைப்புக்கோ சாமர்த்தியத்துக்கோ குறைவில்லை. பலருடைய உழைப்பையும் மூலதனத்தையும் ஒன்றுதிரட்டி நிலைநிறுத்தும் நிறுவன அமைப்புதான் அங்கே உருவாகவில்லை என்பது அவருடைய முடிவு.

அதற்கு முந்தைய ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று அரிசான் பற்றியது. ஒரு தெருவினரோ ஓர் அலுவலகத்தினரோ குறித்த நாளில் கூடிப் பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நம் குலுக்கல் சீட்டு நடத்துகிறவர் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. இது இடைப்படி மட்டுமே என்றும், வங்கிகள் பெருகினால் தானாகவே மறைந்துவிடும் என்றும் கீர்ட்ஸ் எதிர்பார்த்தார். அறுபது ஆண்டுகள் கடந்தும், வங்கிகள் எவ்வளவோ பெருகியும், அரிசான் மறையவில்லை. நம் ஊர்ச் சீட்டும் மறையவில்லை. இரண்டு இடங்களிலும் அது நிலைத்ததற்குக் காரணம், பணத்தோடு சேர்ந்து பழக்கமும் நம்பிக்கையும் அங்கே புழங்குவதுதான் என்பது என் எண்ணம்.

எனினும், நம்மவர் முதலில் படிக்க வேண்டியது ஆன் டன்ஹமின் ஆய்வையே என்பேன். அவர் அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமாவின் தாயார் என்பது பலருக்குத் தெரியும். ஜாவாவின் யோக்யகர்த்தா நகருக்குத் தென்கிழக்கே, குனுங் கிடுல் என்னும் வறண்ட சுண்ணாம்புக்கல் மேட்டுப் பகுதியில், காஜர் என்னும் கொல்லர் கிராமத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. பழைய இரும்பை வாங்கி உழவுக் கருவிகள் அடிக்கும் அந்த ஊர்ப் பட்டறைகளில், உலைக்குத் தலைமை தாங்கும் கொல்லர் யார், சம்மட்டி அடிப்பவர் யார், துருத்தி இயக்குபவர் யார், பணம் எப்படிப் புரள்கிறது, பெண்களின் பங்கு என்ன என்பனவற்றையெல்லாம் அவர் எழுதினார். 1992இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேடு ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப்பின், 2009இல், அதன் சுருங்கிய வடிவம் நூலாக வந்தது. அந்த மக்களுக்கு லாபத்தில் கூர்மையான நாட்டம் உண்டு, தொழில்முனைப்பு அந்தக் கிராமங்களில் தாராளமாகவே உண்டு, குறைவாக இருப்பது மூலதனம் மட்டுமே, அந்த மூலதனம் யாருக்குக் கிடைக்கிறது என்பது பண்பாட்டைச் சார்ந்ததன்று, அரசியலைச் சார்ந்தது என்று அவர் முடித்தார். அரசு உதவிகள் ஊர் அலுவலர்கள் வழியாகவே இறங்கும்போது, முன்பே வசதியுள்ளவர் கையில் அவை தங்கி ஏற்றத்தாழ்வு கூடுகிறது என்றும் கண்டார். தொழிற்கடனுக்காக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிய நம் ஊர்க்காரர் எவரும் இந்த வரியைப் படித்தால் வியப்படைய மாட்டார்.

இத்தகைய ஆய்வுகள் ஏட்டோடு நின்றுவிடவும் இல்லை. அரசு வங்கியான பேங்க் ராக்யாட் இந்தோனேசியாவின் கிராமக் கிளைகள், அரசு மானியத்துடன் வழங்கிய நெற்பயிர்க் கடன் திட்டம் தோற்றதால் நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. 1984இல் அவை எந்தத் தொழிலுக்கும், செலவை ஈடுசெய்யும் வட்டியில், சிறுகடன் வழங்கத் தொடங்கின. கிராமத்தார் சேமிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை அப்போது அதிகாரிகளிடம் இருந்தது. மார்கரிட் ராபின்சன் என்னும் மானிடவியலறிஞர் ஊர்களில் விசாரித்து, அவர்கள் நெல்லாகவும் நகையாகவும் கால்நடையாகவும் நிறையவே சேமிக்கிறார்கள், வேண்டியபோது எடுக்க முடியாத கணக்கில் போடத்தான் தயங்குகிறார்கள் என்று காட்டினார். நினைத்தபோது எடுக்கலாம் என்ற விதியோடு, பரிசுக் குலுக்கலும் சேர்த்து, 1986இல் நாடெங்கும் தொடங்கப்பட்ட சேமிப்புத் திட்டம் பெரும் வெற்றி பெற்றது. 1997-98ஆம் ஆண்டு ஆசிய நிதி நெருக்கடியில் அந்நாட்டின் பெரிய வங்கிகள் ஆட்டம் கண்டபோது, இந்தக் கிராமக் கிளைகளில் கடன் ஒழுங்காகத் திரும்பியது, சேமிப்பும் கூடியது. ஆன் டன்ஹமும் பிற்காலத்தில் இந்த வங்கியின் ஆலோசகராகப் பணிபுரிந்தார்.

முனைப்பில்லாதவர்கள் என்ற குற்றச்சாட்டை நம் சீமையின் வரலாறே மறுக்கிறது. மகமை என்ற பெயரில் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்துப் பொதுமுதல் சேர்த்த வணிகர்கள் இங்கே இருந்தார்கள். பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கி தொடங்கப்பட்டு, இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக நிற்கிறது. சென்னையிலும் மும்பையிலும் நம் அண்ணாச்சிமார் நடத்தும் மளிகைக் கடைகள், உறவினரைக் கடைப் பையனாகச் சேர்த்துப் பழக்கி, பிறகு கைமுதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துவிடும் முறையிலேயே பெருகின. இதேபோல, இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராப் பகுதியில் வாழும் மினாங்கபாவு சமூகத்து இளைஞர் ஊரைவிட்டுப் போய்ப் பொருள் தேடும் வழக்கத்தை, அந்தச் சமூகத்திலேயே பிறந்த மொக்தார் நயிம் 1970களில் விரிவாக ஆராய்ந்தார். நம் அண்ணாச்சிக் கடைகளுக்கு அப்படி, உள்ளிருந்து எழுதப்பட்டு, கடை வைத்திருப்பவரே எடுத்துப் படிக்கத்தக்க ஆய்வு ஒன்று வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஆனால் இங்கே நடப்பது எது? சில ஆண்டுகளுக்கு முன் பத்தமடையில் ஒரு நெசவாளர் வீட்டில் நான் இருந்தபோது ஆய்வு மாணவர் ஒருவர் வந்தார். ஆங்கில வினாத்தாளைத் தாமே தமிழாக்கிப் படித்து, விற்பனை முறையில் எவ்வளவு நிறைவு, அரசுத் திட்டங்களில் எவ்வளவு நிறைவு என்று கேட்டு, ஐந்து கட்டங்களில் ஒன்றில் குறியிட்டுக்கொண்டே போனார். பாவு நூலினிடையே கோரையைச் செலுத்தியபடியே விடை சொன்ன அந்த அம்மா, கடைசியில், "தம்பி, கோரை என்ன வெலைக்கு வருது, சாயத்துக்கு என்ன ஆவுது, முன்பணம் யாருகிட்ட வாங்குதோம், அதெல்லாம் ஒண்ணுமே கேக்கலியே?" என்றார். இந்தத் தாளில் அதற்கு இடமில்லை என்று மாணவர் பணிவாகச் சொன்னார். அவர்மீது குற்றமில்லை, அவருக்குக் கற்பிக்கப்பட்ட ஆய்வு முறை அது. அந்த ஆய்வேடு ஆங்கிலத்தில் முடிந்து, பட்டமும் கிடைத்திருக்கும். அந்த வீட்டுக்கு அதன் ஒரு பக்கம்கூட வரவில்லை.

இந்தோனேசியாவிலும் எண்ணிக்கைக்காக எழுதப்படும் கட்டுரைகள் மலிந்தே இருக்கின்றன. இதே ஐந்து கட்ட வினாத்தாள் அங்கேயும் ஓடுகிறது. ஆயினும் இரண்டு ஏற்பாடுகள் அங்கே நமக்கு முன்மாதிரியாக உள்ளன. கற்பித்தல், ஆய்வு, மக்கள் தொண்டு ஆகிய மூன்றும் பல்கலைக்கழகத்தின் கடமைகள் என்று 2012ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் சொல்கிறது. மாணவர்கள் கிராமங்களில் சில வாரங்கள் தங்கிப் பணிபுரியும் முறை அதற்கு முன்பிருந்தே உண்டு. மேலும், மேலாண்மை, சமூக அறிவியல் ஆய்விதழ்கள் பல இந்தோனேசிய மொழியிலேயே, கட்டணமின்றி எவரும் படிக்கும்படி வெளிவருகின்றன. மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி வியாபாரத்தைப் பற்றிய கட்டுரையை அந்த வியாபாரியின் மகள் தன் மொழியில் படிக்க முடிகிறது.

ஆகவே நம் பகுதிப் பல்கலைக்கழகத்தையும் கல்லூரிகளையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மாவட்டத்துத் தொழில்களைப் பற்றிய ஆய்வேடு எந்த மொழியில் எழுதப்பட்டாலும், இருபது பக்கத்துக்குக் குறையாத தமிழ்ச் சுருக்கம் உடன் வைக்கப்பட வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு முன் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் முன்னிலையில் அது படிக்கப்பட வேண்டும். ஒரு படி அந்த ஊர் நூலகத்தில் இருக்க வேண்டும். கோரை விலை, கூலி, முன்பணம், வட்டி ஆகியவற்றின் கணக்கு இல்லாத சிறுதொழில் ஆய்வை நெறியாளர்கள் ஏற்கக் கூடாது. கந்துவட்டியால் குடும்பங்கள் சிதைந்த இந்த மாவட்டத்தில், முதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்காத ஆய்வால் யாருக்கும் பயனில்லை. தங்கள் நாளிதழ் மாதம் ஒருமுறை அரைப்பக்கம் ஒதுக்கினால், இத்தகைய ஆய்வேடுகளின் சாரத்தை எளிய தமிழில் எழுதித் தர நானும், ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற வணிகவியல் ஆசிரியர்,
அம்பாசமுத்திரம்.