ஒலிவியா டி ஹாவிலண்ட் குறிப்பு: எழுதுகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம். ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் பற்றிய இந்த வாரக் குறிப்பில் ஆஸ்கர் கணக்கை இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். வார்னர் மீது அவர் போட்ட வழக்கைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

அவர் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் ஏழாண்டு ஒப்பந்தத்தில் இருந்தவர். கொடுத்த வேடத்தை மறுத்தால் சஸ்பென்ஷன், சம்பளம் கிடையாது. அதோடு விடமாட்டார்கள். சும்மா இருந்த நாட்களையெல்லாம் ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். மறுக்க மறுக்க ஒப்பந்தம் நீளும். 1943இல் ஏழாண்டு முடிந்தும் பாக்கி இருக்கிறது என்றார்கள், அவர் நீதிமன்றம் போனார். ஒருவரை ஒப்பந்தத்தில் கட்டிவைக்கக் கலிபோர்னியா சட்டம் சொல்லும் ஏழாண்டு வரம்பு என்பது காலண்டர் ஆண்டுதான், வேலை செய்த நாட்களின் கூட்டல் அல்ல என்று 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது.

இன்னொரு வார்னர் நடிகையான பெட்டி டேவிஸின் வழக்கோடு குழப்பாதீர்கள். அது 1936இல் லண்டனில் நடந்தது, தோற்றுப்போனார்.

பலர் சறுக்குவது தேதியில். ஒலிவியா நடித்த 'டிவோஷன்' 1946இல் வெளியானதால் வழக்குக்குப் பிந்தைய படம் என்று எழுதிவிடுகிறார்கள். படப்பிடிப்பு 1943 தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது, வார்னர் கிடப்பில் போட்டிருந்தார்கள். ஆகவே வெளியான ஆண்டு, படமான ஆண்டு இரண்டையும் போடுங்கள். ஆஸ்கருக்கும் அப்படித்தான்: 1946 படத்துக்கு 1947இல், 1949 படத்துக்கு 1950இல்.

பிறந்த ஊர் டோக்கியோ, 1916. மறைவு பாரிஸ், 2020 ஜூலை, வயது 104. தங்கை ஜோன் ஃபான்டெய்னோடு இருந்த மனத்தாங்கல் கதைகள் வேண்டாம். அதில் பாதி பத்திரிகைகள் ஊதியது.